அத்தை வளைத்துப் பார்த்த ஃப்ளாப்பி

யாராவது என்னிடம் வந்து, "கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுது, எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டு, சுத்தமா அழிச்சிட்டு, புதுசா போட்டுடலாமா?" என்று யோசனை கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வீட்டுக்கு அத்தை யாராவது வர்றதா இருக்காங்களா?"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. இத்தனை வருடம் கம்ப்யூட்டரோடு மாரடித்தவள் நான். வைரஸ் பார்த்திருக்கிறேன். இடி விழுந்து கருகின மெஷினைப் பார்த்திருக்கிறேன். கீபோர்டில் காபியை ஊற்றிவிட்டு, "அதுவா கொட்டிக்கிச்சு மேடம்" என்று கண்ணைப் பார்த்துச் சொன்ன அதிகாரியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் அத்தையை மாதிரி ஓர் ஆபத்தைப் பற்றி எந்தக் கம்ப்யூட்டர் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் ஊர் கோட்டைக்குப்பம், பழவேற்காடு ஏரியை ஒட்டியது. என் நைனா, அதாவது அப்பா, ஏரியிலும் கடலிலும் மீன் பிடித்தவர். அம்மா கருவாடு போடுவாள். நான் அவர்களுக்கு மூத்த பெண், பெயர் கஸ்தூரி. மெட்ராஸ் பாரிமுனைப் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வந்திருந்தேன். (கோர்ஸில் கம்ப்யூட்டரைத் தொட்டது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் கம்ப்யூட்டரைப் பற்றி நோட்ஸ் எழுதினோம்.) நைனா அந்த சர்ட்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். அம்மா முருகனுக்குக் காட்டுகிற ஊதுவத்தியை அதற்கும் ஒரு சுற்று காட்டினாள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஊரில் யாராவது "எங்க கண்ணு போற?" என்று கேட்டால், "கம்ப்யூட்டருக்கு" என்பேன். அது என்னமோ மாமியார் வீடு மாதிரி.

பழவேற்காட்டில் இறால் வாங்கி ஐஸ் போட்டு மெட்ராசுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியின் டிப்போ இருந்தது. மெட்ராஸ் ஆபீஸில் ஓட்டி ஓட்டித் தேய்ந்துபோன ஒரு கம்ப்யூட்டரை, தூக்கிப் போட மனசு வராமல் எங்கள் டிப்போவுக்கு அனுப்பி வைத்தார்கள். எந்தப் படகு, என்ன இறால், எத்தனை கிலோ என்று அதில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நைனாவின் அக்கா, அதாவது என் அத்தை, எளாவூரில் இருந்தாள். கருவாட்டு யாவாரத்தில் பெரிய கை. எளாவூரில் இருந்து அந்தப் பக்கம் ஆந்திரா வரைக்கும் அவள் கை வைத்துத் தேர்ந்த கருவாடு என்றால் பேச்சே கிடையாது. அவளுக்கு ஒரே மகன், செல்வம். நான் பிறந்த அன்றே, தொட்டிலில் கிடந்த என்னைப் பார்த்து, "இது என் செல்வத்துக்கு" என்று அத்தை சொல்லிவிட்டாளாம். அப்போது நான் அழுதிருக்கிறேன். யாரும் அதை ஆட்சேபணையாக எடுத்துக்கொள்ளவில்லை.

செல்வம் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். சின்ன வயதில் என்னோடு சேர்ந்து சேற்றில் நண்டு பிடித்து, என் பாவாடையில் மூக்கைத் துடைத்தவன். அவனைப் புருஷனாக நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அத்தையை மாமியாராக நினைத்தால் அழுகை வரும். நான் நைனாவிடம் அழுது புரண்டு ஓர் உத்தரவு வாங்கி வைத்திருந்தேன்.

"வேலைன்னு ஒன்னு இருக்குற வரிக்கும் நான் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன். வேலை போச்சுன்னா அடுத்த முகூர்த்தத்துல எளாவூரு. சரியா?"

"சரி நைனா."

ஆக, என் கழுத்துக்கும் செல்வத்தின் தாலிக்கும் நடுவில் குறுக்கே நின்றது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அந்தச் சனியன் பிடித்த மெஷினை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று நினைக்கிறீர்கள்? செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போவேன். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. டேபிள் ஃபேன் எனக்கு இல்லை, அதற்கு. ஆனால் உப்புக் காற்றுக்கு சந்தனமும் தெரியாது, குங்குமமும் தெரியாது. மழைக்காலம் வந்ததும் மெஷின் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. பாதி எடை ஏற்றும்போது அப்படியே நின்றுவிடும். சில நாள் வெள்ளை இறால் என்று அடித்தால், திரையில் சிரிக்கிற மூஞ்சிகளும் இதயக் குறிகளும் வந்து நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெட்ராஸ் மேனேஜர் போன் செய்தார்.

"இதப் பாரும்மா. எல்லா டேட்டாவையும் ஃப்ளாப்பில எடுத்து வை. அப்புறம் ஹார்ட் டிஸ்க்கை சுத்தமா ஃபார்மேட் பண்ணிட்டு டாஸை புதுசா போடு. டாஸ் ஃப்ளாப்பி ஐஸ் லாரில வரும். திங்கக்கிழமை நான் வருவேன். ஓடினா சரி. ஓடலேன்னா மெஷினைத் திருப்பி எடுத்துக்கிறோம். கணக்கெல்லாம் இங்கயே பார்த்துக்கறோம். உன்னால முடியுமா?"

"முடியும் சார். கோர்ஸ்ல எல்லாம் பண்ணியிருக்கேன் சார்." (பச்சைப் பொய். கோர்ஸில் ஃபார்மேட் என்ற வார்த்தையை இரண்டு கலர் பேனாவில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். அவ்வளவுதான்.)

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். டாஸ் என்பது அன்றைய கம்ப்யூட்டரை எழுப்பி ஓட வைத்த அடிப்படை புரோகிராம். அன்றைய ஃப்ளாப்பி என்பது நம் உள்ளங்கையைவிடப் பெரிதாக, கறுப்பாக, சதுரமாக, மெல்லிசாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். தொட்டால் லேசாக வளையும். வளைக்கக் கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை உட்கார்ந்து அந்த சீசனின் மொத்த எடைக் கணக்கையும் ஃப்ளாப்பிகளில் எடுத்தேன். ஒன்பது ஃப்ளாப்பி ஆயிற்று. ஒன்று நிரம்பினால் மெஷின் அடுத்ததைக் கேட்கும். மாட்டுக்குப் புல் வைக்கிற மாதிரி மாற்றி மாற்றி வைத்தேன். திரும்ப ஏற்றும்போதும் அதே வரிசையில் கேட்கும், நடுவில் ஒன்று கெட்டாலும் மற்றதெல்லாம் வீண். அதனால் எண் எழுதி ஒட்டினேன். கரண்ட் ஒரு தரம்கூட போகவில்லை. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

அடுத்து, இவற்றை எங்கே வைப்பது? கோர்ஸ் மாஸ்டர் சொன்னது காதில் ஒலித்தது: "தூசி படக் கூடாது, சூடு ஆகாது, குளுமையான இடத்தில் வைக்க வேண்டும்." சுற்றும் முற்றும் பார்த்தேன். எங்கள் டிப்போவில் தூசி இல்லாத, சூடு இல்லாத, குளுமையான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எது கெட்டுப்போகக் கூடாது என்றாலும் நாங்கள் அங்கேதான் வைப்போம்.

ஐஸ் பெட்டி.

சிரிக்காதீர்கள். நான் ஒன்றும் அப்படியே ஐஸ் மேல் போடவில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, புலி இறால் வைக்கிற மேல்தட்டில், மரியாதையாகத்தான் வைத்தேன். பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாஸ் ஃப்ளாப்பி லாரியில் வந்தது. அதைப் போட்டு ஃபார்மேட் கட்டளையை அடித்தேன். இந்த டிஸ்க்கில் இருக்கிற எல்லாமே அழிந்துவிடும், தொடரலாமா என்று மெஷின் கேட்டது. நல்ல மனசோடுதான் கேட்டது. நான் யோசிக்கவே இல்லை. ஆமாம் என்று தட்டினேன். அது பாட்டுக்கு ஓடி, முடிந்து, டாஸும் ஏறி, மெஷின் பளிச்சென்று எழுந்து உட்கார்ந்தது. சிரிக்கிற மூஞ்சி இல்லை, இதயம் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு எழுத்தும் அதன் பக்கத்தில் துடிக்கிற ஒரு கோடும்தான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

ஐஸ் பெட்டியைத் திறந்து முதல் ஃப்ளாப்பியை எடுத்தேன். பைக்குள் வேர்த்திருந்தது. உறையெல்லாம் சின்னச் சின்னத் துளி. முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போட்டேன்.

கர்ர்ர் என்றது. படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று கேட்டது. மறுபடி பார் என்றேன். கர்ர்ர். மறுபடி. கர்ர்ர். இரண்டாவதைப் போட்டேன். அதுவும் கர்ர்ர்.  மெஷினுக்குள் இருந்ததை என் கையாலேயே அழித்தாயிற்று. மிச்சம் இருப்பது இந்த ஒன்பது ஈரச் சதுரம்தான். அவற்றுக்குப் பின்னால் தாலியோடு செல்வம் நிற்பது எனக்கு அப்படியே தெரிந்தது.

ஈரம். ஈரம்தான் காரணம். ஈரமானதை என்ன செய்வது என்று கருவாட்டுக்காரி பெற்ற பெண்ணுக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? வலையோ, இறாலோ, மிளகாயோ, புத்தகமோ, எங்கள் வீட்டில் எது நமுத்தாலும் வெயில் காட்டிவிட்டுத்தான் எடுத்து வைப்போம். சூடு ஆகாது என்று மாஸ்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் வெயிலைச் சூடு என்று எங்கள் ஊரில் யாரும் நினைப்பதில்லை. வெயில் என்பது வெயில்.

ஒன்பதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலுக்கு முன்னால் மணலில் விரித்த வலையில் அம்மா சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலும் வாளை மீனும் காயப் போட்டிருந்தாள். மழை விட்டு அன்றைக்குத்தான் நல்ல வெயில். வாளையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, ஃப்ளாப்பிகளை வரிசையாகப் பரப்பினேன்.

"இன்னாடி இது?" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர் ஃப்ளாப்பிம்மா. ஈரமாயிடிச்சி."

"அதுக்கு இன்னா, நல்ல வெயிலு. ஒரு பக்கமே காயப் போட்டா பத்துமா? திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். இது எனக்கு நியாயமாகவே பட்டது. காக்காய் வந்தது. காக்காய்க்கு கம்ப்யூட்டர் தெரியாது என்றாலும் பளபளப்பு தெரியும். நான் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, "ச்சூ, ச்சூ" என்று வலையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னா கஸ்தூரி, கம்பெனில கருவாடும் போட ஆரம்பிச்சிட்டாங்களா?"

"உன் வேலையப் பாத்துகினு போண்ணே!"

தாகம் தொண்டையை அடைத்தது. "ஒரு நிமிசம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அந்த ஒரு சொம்புத் தண்ணீருக்காக நான் இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

வெளியே அத்தையின் குரல் கேட்டது. கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்ற சேதி எளாவூர் வரைக்கும் போய்விட்டிருந்தது. வேலை போகப் போகிறது, முகூர்த்தம் குறிக்க வேண்டியதுதான் என்று, செல்வத்தையும் இழுத்துக்கொண்டு, தட்டு, பழம், பூ சகிதம் அத்தை முதல் பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டாள். அம்மா அவளுக்குப் பாய் எடுக்க ஓடியிருக்கிறாள். ஃப்ளாப்பிகளை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

இல்லை, தப்பு. அத்தை பார்த்துக்கொண்டாள்.

நான் சொம்போடு வெளியே வந்தபோது, அத்தை வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கையில் ஒரு ஃப்ளாப்பி. அதை மூக்கருகில் கொண்டு போய் மோந்து பார்த்தாள். பிறகு இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து, நடுவில் கட்டை விரலை அழுத்தி, அப்படியே வளைத்தாள். வாளையைக் கையில் எடுத்தால் எப்படி வளைத்துப் பார்ப்பாளோ அப்படி. காய்ந்த கருவாடு விறைப்பாக நிற்கும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். 'படக்' என்று ஒரு சத்தம். ஃப்ளாப்பியின் நடுவே வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. அத்தை உதட்டைப் பிதுக்கி, அதைத் தன் இடது பக்கம் போட்டாள். அங்கே ஏற்கனவே எட்டு கிடந்தன.

"கஸ்தூரி," என்றாள், என்னை நிமிர்ந்து பார்த்து, மிகுந்த வருத்தத்தோடு. "ஒன்னுகூட காயலியே கண்ணு. எல்லாம் வளையுதே. உங்கம்மாவுக்கு எத்தினி வாட்டி சொல்றது, நல்லா காய வெச்சி எட்றீன்னு?"

சொம்பு என் கையிலிருந்து விழுந்தது. அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் சொல்லக் கேட்டு நான் தெரிந்துகொண்டது இது:

"ஐயோ! ஐயையோ! கீழ போடு அத்தே! உனக்கு எதைப் பாத்தாலும் கருவாடுதானா? கண்ணு இன்னா பொடனிலயா கீது? அது கம்ப்யூட்டரு! என் உசுரு அதுலதான் இருந்திச்சி, இப்புடி வளைச்சி வளைச்சி ஒடச்சிட்டியே!"

"இன்னாடி இப்ப, வளைஞ்சா நிமித்திக்க..."

"உன் வூட்டுக்கு நான் வந்தா, என்னையும் வளைச்சிப் பாத்துட்டுதான் சோறு போடுவே! நான் வர மாட்டேன்! சத்தியமா வர மாட்டேன்! உன் புள்ளைய நான் கட்டிக்க மாட்டேன், வேற எவளையாவது வளைச்சிப் பாத்துக் கட்டி வை, போ!"

தெருவே கப்பென்று அடங்கிவிட்டது. காக்காய்கள்கூட சும்மா இருந்தன என்று பக்கத்து வீட்டு அக்கா சத்தியம் செய்வாள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதுதான் கரையேறி வந்த நைனா, அப்படியே நின்றுவிட்டார்.

அத்தை எழுந்தாள். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.  கருவாட்டில் கை வைத்து இதுவரை யாரிடமும் தப்பு என்று பேர் வாங்காதவள். தொட்டிலில் பார்த்த நாளில் இருந்து என்னைத் தன் வீட்டுப் பெண் என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டவள். அவளை நடுத்தெருவில் நிற்க வைத்துவிட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கிற நிலையில் நான் இல்லை. கோபம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றாள் நைனாவைப் பார்த்து. "உன் பொண்ணை நீயே வெச்சிக்கோ. செல்வம், பழத்தை எட்றா."

செல்வம் பழத்தை எடுக்கவில்லை. ஒன்பது ஃப்ளாப்பியையும் பொறுக்கிக்கொண்டிருந்தான். "அம்மிக்கல்லு தூக்கி வெச்சா நேராயிடும் கஸ்தூரி," என்று மெல்லச் சொன்னான். சொன்னது மட்டும் இல்லை, எங்கள் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து அவற்றின் மேல் வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனான். கோர்ஸ் முடித்து, சர்ட்டிபிகேட் வாங்கிய நான் அதைத் தடுத்திருக்க வேண்டும் அல்லவா? தடுக்கவில்லை. அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நேராகிறதா என்று அடிக்கடி தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

 அன்று சாயங்காலம் டிப்போவுக்குப் போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சிலது உள்ளேயே போகவில்லை. போனது வெளியே வரவில்லை. ஒன்றை இழுத்தபோது கூடவே கொஞ்சம் மணலும் ஒரு சென்னாக்குன்னியும் வந்தன. அந்தக் குட்டி இறால் எப்படி உள்ளே போனது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதற்குப் பிறகு அந்த டிரைவ் எந்த ஃப்ளாப்பியைக் கொடுத்தாலும் கர்ர்ர் என்றது. என் வேலை போய்விட்டது, மேனேஜர் வந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி என்று தெரிந்துவிட்டது. கல்யாணத்தையும் நானே கத்திக் கெடுத்துவிட்டேன். இனி எதற்காக அழுவது என்றே தெரியாமல் கீபோர்டின் மேல் தலையை வைத்து அழுதேன். திரையில் ஒரே எழுத்து வரிசை வரிசையாக ஓடியது.

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை. மெஷினைப் போட்டதும் அது டக்கென்று எழுந்தது. அவர் முகம் மலர்ந்துபோனது.

"அடேங்கப்பா! மெட்ராஸ்ல இருந்தப்பகூட இவ்வளவு வேகமா ஓடினதில்ல. சுத்தமா பண்ணியிருக்கே. வெரி குட்! எங்க, சீசன் கணக்கைக் காட்டு பார்ப்போம்."

நான் ஒன்பது ஃப்ளாப்பியை மேசையில் வைத்தேன். அம்மா அவை சிதறிப்போகக் கூடாது என்று, வரிசை மாறாமல், நடுவில் இருந்த ஓட்டையில் நைலான் கயிறு விட்டு, மீன் கோர்க்கிற மாதிரியே கோர்த்துக் கொடுத்திருந்தாள். மேனேஜர் கயிற்றைப் பிடித்துத் தூக்கினார். ஒன்பதும் தொங்கின. கைக்குட்டையை எடுத்துவிட்டு மோந்து பார்த்தார்.

"இது என்னம்மா வாசனை?"

"வாளை சார்."

"இது ஏன் இப்படி மடிஞ்சிருக்கு?"

"அத்தை சார்."

அந்த மனிதர் கயிற்றை மெல்ல மேசையில் இறக்கி வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்ததை ஐஸ் பெட்டியில் இருந்து அம்மிக்கல் வரைக்கும் சொல்லி முடித்தேன். நடு நடுவில் அவர் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அது கோபமா, சிரிப்பா என்று தெரியாமல் நான் நின்றேன். முடிவில் மெஷினை லாரியில் ஏற்றச் சொன்னார். சீசன் முழுக்க நான் படகுக்காரர்களுக்குக் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்த எடைச் சீட்டுகளின் நகல்கள் சாக்கில் கட்டிக் கிடந்தன. ஈரத்தில் ஊறி, இறால் தண்ணீர் பட்டு, எழுத்தெல்லாம் ஓடிப்போயிருந்தது. அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார்.

"இதை உன்னைத் தவிர எவனாலயும் படிக்க முடியாது. நீயே மெட்ராசுக்கு வந்து முதல்ல இருந்து ஏத்து. ஏத்தி முடிச்சாத்தான் உன்னை விடுவேன்." அவர் அதைத் தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னார்.

நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வயசுப் பெண்ணை மெட்ராசில் தங்கி வேலை பார்க்க விடுவது எங்கள் ஊரில் அப்போது நடக்காத காரியம். நைனா வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நிமிராமலே கேட்டார்.

"அங்க கருவாடு காயப் போட எடம் கீதா?"

"இல்ல நைனா. மூணாவது மாடி."

"அப்ப போ. இங்க இருந்தா இன்னும் எதையாவது காயப் போடுவே." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வலையைக் கீழே போட்டுவிட்டு, தோளில் இருந்த துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "என்னையும் வளைச்சிப் பாத்துட்டு சோறு போடுவியா... ஐயோ கடவுளே... எங்கக்காவப் பாத்து..." நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுதும் விட்டேன்.

சீட்டுகளை ஏற்றி முடிப்பதற்குள் மெட்ராஸ் ஆபீஸில் நான் எல்லோருக்கும் பழகிவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனாலும், அப்படியே கம்ப்யூட்டரோடு வாழ்க்கை ஓடிவிட்டது. செல்வம் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு நல்ல பெண்ணைக் கட்டிக்கொண்டான். எந்தக் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தாலும், பந்தியில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "என்னை ஒன்பது கருவாட்டுக்காக வேணாம்னு சொன்ன மகராசி வர்றாங்க, வழி வுடுங்க" என்பான். என் பிள்ளைகள் ஃபோனை மாற்றும்போதெல்லாம், "அம்மா, பேக்கப் எடுத்தாச்சு, திருப்பிப் போடணுமா?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள்.

அத்தை மட்டும் ரொம்ப வருடம் என்னோடு பேசவில்லை. நானும் வீம்புக்கு இருந்தேன். என் தம்பி கல்யாணத்தில்தான் நானாகப் போய் அவள் காலைத் தொட்டேன். என்னைத் தூக்கிவிட்டாள், கன்னத்தைத் தடவினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காதருகில் குனிந்து, "ஆனா அன்னிக்கு அது காயலடி" என்றாள்.

நான் முதன்முதலாக லேப்டாப் வாங்கி ஊருக்குக் கொண்டு போனபோது அத்தைக்குத் தலை முழுக்க வெள்ளை. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அத்தை கையை நீட்டினாள். கொடுப்பதா வேண்டாமா என்று நான் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டேன். செல்வம் அப்போதே சிரிக்க ஆரம்பித்திருந்தான். கடைசியில் கொடுத்துவிட்டேன். அத்தை லேப்டாப்பை மூக்கருகில் கொண்டு போய் மோந்து பார்த்தாள். இரண்டு முனையையும் பிடித்து, நடுவில் கட்டை விரலை வைத்து, அழுத்திப் பார்த்தாள்.  அது வளையவில்லை.

அத்தை அதை என் மடியில் வைத்தாள்.

"ம்... இப்பத்தான் ஒழுங்கா காய வெச்சிருக்கே" என்றாள்.